டி.ஏ. நிறுத்தியதில் அரசுக்கு மிச்சமானது எவ்வளவு, தள்ளிப்போனது எவ்வளவு?

கருவூலத்துக்காரன்

2025 அக்டோபர் 1 முதல் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.) சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணமாக வாங்குவது, திரும்பி வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் பழைய கணக்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கலாம் என்று தோன்றியது. 2020 ஏப்ரல் 27 அன்று தமிழக அரசு இரண்டு காரியம் செய்தது. விலைவாசிக்கு ஏற்ப ஏறும் அகவிலைப்படி (டி.ஏ.) உயர்வை 2021 ஜூன் வரை நிறுத்தியது. சரண்டரை "ஓராண்டுக்கு" நிறுத்தியது. அந்த ஓராண்டு ஐந்தரை ஆண்டாக நீண்டது. அதே 2020 மே மாதத்தில் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60.

இந்த மூன்றில் எது உண்மையில் செலவைக் குறைத்தது, எது வெறும் தள்ளிப்போடல் என்பதுதான் கேள்வி. ஊழியர் பாவம், அரசு மோசம் என்கிற பாட்டுக்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன. இங்கே கணக்கு போடுவோம்.

முதலில் டி.ஏ. 2020 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 40,000 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்கிரிமெண்ட்டை விட்டுவிடுவோம். 17 சதவீதத்தில் உறைந்து நின்றது. வரவேண்டிய உயர்வு ஜனவரி 2020-க்கு 4, ஜூலைக்கு 3, ஜனவரி 2021-க்கு 4, ஜூலைக்கு 3. ஆறாறு மாதமாகக் கூட்டினால்:

2020 முதல் பாதி: 1,600 × 6 = 9,600
இரண்டாம் பாதி: 2,800 × 6 = 16,800
2021 முதல் பாதி: 4,400 × 6 = 26,400
இரண்டாம் பாதி: 5,600 × 6 = 33,600

மொத்தம் 86,400. மத்திய அரசு ஊழியர் முதல் மூன்று வரியோடு தப்பித்தார், அவருக்கு 2021 ஜூலையிலேயே 28 சதவீதமாக்கிவிட்டார்கள். நமக்கு 2022 ஜனவரி 1-இல்தான் 17 ஒரே தாவலில் 31 ஆனது. நான்காவது வரி முழுக்கத் தமிழ்நாட்டுக்கே உரியது, மூன்றாவதையும்விட அதுதான் பெரிது.

இது அசல் மிச்சம். திரும்பத் தரவேண்டிய பணம் இல்லை. மத்திய அரசும் 18 மாத நிலுவை கிடையாது என்று நாடாளுமன்றத்தில் கைவிரித்துவிட்டது. அவர்கள் சொன்ன தொகை 34,402 கோடி. ஆகவே டி.ஏ. நிறுத்தம் ஒரு நேரடி வெட்டு, அதில் சந்தேகமில்லை. மற்ற இரண்டைப் பற்றித்தான் எனக்கு வேறு அபிப்பிராயம். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

திருப்பூர் ஓவர்லாக்

சார், கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 86,400 போனது என்கிறீர்கள். 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்கள் கம்பெனியில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை. ஜூனில் திறந்தபோது பாதிப் பேரைக் கூப்பிடவே இல்லை. டி.ஏ. என்ற வார்த்தையே எங்கள் சம்பளச் சீட்டில் பேருக்குத்தான் இருக்கும். என் அப்பா 27 வருஷம் மில்லில் இருந்து ரிட்டையர் ஆனவர், ஈ.பி.எஃப். ஓய்வூதியம் என்று வருவது 1,000-த்துச் சொச்சம். அதற்கு டி.ஏ. கிடையாது, 2014-இல் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்சம் அப்படியே நிற்கிறது.

உங்களுக்குச் சம்பளம் முழுசாக வந்தது, உயர்வு மட்டும் வரவில்லை. அதற்கு "வெட்டு" என்று பேர் வைத்தால் எங்களுக்கு நடந்ததற்கு என்ன பேர் வைப்பது?

ஆனால் ஒன்று. 2020 மே மாத சிக்கன உத்தரவில் சால்வை, பூங்கொத்து, நினைவுப் பரிசு எல்லாம் அரசுச் செலவில் வாங்கக் கூடாது என்று போட்டார்கள் பாருங்கள், அதற்காகவே கை தட்டினேன். அது இன்னும் அமலில் இருக்கிறதா?

கருவூலத்துக்காரன்

ஓவர்லாக் சார், நீங்கள் சொல்வதில் வாதிட ஒன்றுமில்லை. நான் கேட்பது யாருக்கு வலி அதிகம் என்பதல்ல, கஜானாவில் என்ன நின்றது என்பது. சால்வையில் நின்றதை ஒரு தாலுகா ஆபீஸ் கரண்ட் பில்லோடு ஒப்பிடலாம், அவ்வளவுதான். 14 சதவீத டி.ஏ. கொடுக்க ஆரம்பித்தபோது அரசே சொன்ன வருடச் செலவு 8,724 கோடி. எது செலவைக் குறைக்கும், எது செய்தியில் வரும் என்பது இரண்டும் வேறு வேறு.

சரி, சரண்டர். வருடத்துக்கு 15 நாள் ஈ.எல்.லை ஒப்படைத்துப் பணம் வாங்கலாம். மேலே சொன்ன அதே 40,000 அடிப்படைக்காரருக்கு 17 சதவீத டி.ஏ.யோடு 46,800, பாதி மாதத்துக்கு 23,400. ஐந்து வருடம் விட்டுப்போனால் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் அந்த விடுப்பு எங்கே போனது? எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 240 நாள் வரை சேர்த்து வைத்து, ஓய்வு பெறும் நாளில் கடைசிச் சம்பள விகிதத்தில் வாங்கிக்கொள்ளலாம். 2020-இல் 23,400 கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டியதை, 35 வயதுக்காரருக்கு 2045-இல் அன்றைய சம்பளத்தில் கொடுக்கப்போகிறார்கள். இடையில் இரண்டு ஊதியக் குழுவாவது வந்திருக்கும். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது எப்படி?

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

தம்பி, பாதிதான் சரி. 240 நாள் ஏற்கனவே நிரம்பியவனுக்கு அதற்கு மேல் வருவது ஏறாது, காலாவதி. 2020-இல் 50 வயது தாண்டிய கிளார்க், கண்காணிப்பாளர் பாதிப் பேருக்கு அதுதான் நிலை. சரண்டர்தான் அவர்களுக்கு ஒரே வடிகால். அவர்களிடமிருந்து அரசுக்கு மிஞ்சியது அசல் மிச்சமே. இன்னொன்று, எங்களைப் போல் கோடை விடுமுறை உள்ள வாத்தியார்களுக்கு வருடத்துக்கு 17 நாள்தான் ஈ.எல்.; 240 சேர ஆயுசு வேண்டும். ஆக, நீங்கள் சொல்வது ஆசிரியருக்குப் பொருந்தும், மூத்த ஆபீஸ்காரருக்குப் பொருந்தாது. கணக்கைப் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் 2020-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அது சாதுவான வெட்டு. நாங்கள் பார்த்தது 2001 முதல் 2003 வரை.

2001 நவம்பர் 29-இல் வந்த 212-ஆம் எண் அரசாணை புதிய நியமனத்துக்குத் தடை போட்டது. 2006 தேர்தலுக்கு முன்னால்தான் நீங்கியது. பிறகு போனஸில் கை வைத்தார்கள், சரண்டரில் கை வைத்தார்கள், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் 40 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அது இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்குதான், கவனித்தீர்களா? "தற்காலிகம்" என்று யாரும் சொல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை.

2003 ஜூலை 2-இல் வேலைநிறுத்தம். முந்தின ராத்திரியே தலைவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். ஜூலை 4-இல் அவசரச் சட்டம். விசாரணை, மெமோ எதுவுமின்றி சுமார் 1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ். எங்கள் ஒன்றியத்தில் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டினார்கள். இரண்டு ஆசிரியைகள் பிரசவ விடுப்பில் இருந்தவர்கள், அவர்கள் பெயரும் இருந்தது. தாற்காலிகமாக 4,000 ரூபாய்க்கு ஆள் எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அரசு இறங்கி வந்தது. மன்னிப்பும் இனி வேலைநிறுத்தம் செய்யமாட்டேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுத்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் ஆறாயிரம் பேர் விஷயம் மட்டும் ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்குப் போனது. 2003 ஆகஸ்ட் 6-இல் ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது.

அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டுத்தான் 259-ஆம் எண் அரசாணையும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம், 1.4.2003 முதல் முன்தேதியிட்டு. எல்லோரும் டிஸ்மிஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய வெட்டு அந்தப் பக்கமாக நுழைந்துவிட்டது. அப்போது வேலையில் இருந்த எங்களுக்குப் பாதிப்பில்லை, ஆகவே சங்கங்களும் அப்போது பெரிதாகக் கத்தவில்லை. இதை எங்கள் தலைமுறை ஒப்புக்கொள்ளத் தயங்கும், நான் சொல்கிறேன்.

குரூப்4 வெயிட்டிங்

ஐயா சொன்ன நியமனத் தடைதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2020-இலும் புதிய பணியிடம் உருவாக்கத் தடை இருந்தது. தேர்வு நடக்கவில்லை. 2021 செப்டம்பரில் வயது வரம்பை இரண்டு வருடம் கூட்டி, 30-ஐ 32 ஆக்கினார்கள். நன்றி. ஆனால் 2022 ஜூலையில் குரூப் 4 எழுதப் போனால் 7,301 இடத்துக்கு விண்ணப்பம் 22 லட்சம்.

டி.ஏ. போச்சு, சரண்டர் போச்சு என்று வேலையில் இருப்பவர்கள் எழுதுகிறீர்கள். வேலையே வராமல் போனவன் எந்த அரியர் கேட்பான்?

மூணாறு டீச்சர்

நான் இடுக்கி மாவட்டத்தில் தமிழ் மீடியம் பள்ளியில் இருக்கிறேன், சம்பளம் கேரள அரசு. அங்கே 2020-இல் வேறு வழியில் போனார்கள், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஆறு நாள் சம்பளம், ஐந்து மாதத்துக்குப் பிடித்து வைப்பது. 20,000-க்குக் கீழே வாங்குபவர்களுக்கு விலக்கு. "வெட்டு அல்ல, பிறகு தருவோம்" என்றார்கள். சங்கங்கள் ஹைகோர்ட் போய் ஏப்ரல் 28-இல் தடை வாங்கின, ஆணைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று. அரசு உட்கார்ந்து அழவில்லை, ஓரிரு நாளில் 25 சதவீதம் வரை தள்ளிவைக்கலாம் என்று அவசரச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஐந்து மாதம் பிடித்தார்கள். செப்டம்பரிலிருந்து இன்னொரு சுற்று பிடிக்கப் பார்த்தார்கள், ஆளும் கட்சி சங்கமே முறைத்ததால் விட்டுவிட்டார்கள். பிடித்ததை அப்புறம் பி.எஃப்.பில் போட்டார்கள்.

2018 வெள்ளத்தின்போது "சாலரி சேலஞ்ச்" என்று ஒரு மாதச் சம்பளம் கேட்டார்கள். தரமுடியாது என்றால் தரமுடியாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றொரு நிபந்தனை. ஸ்டாஃப் ரூமில் அந்தத் தாளை நீட்டிக்கொண்டு வந்த கிளார்க் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அவருக்கும் அப்படித்தான். கோர்ட் அந்த நிபந்தனையை அடித்துவிட்டது.

என் கருத்து, கேரளா செய்தது தமிழ்நாடு செய்ததைவிட நேர்மை. கடன் என்று சொல்லி வாங்கினார்கள், கடனைத் திருப்பினார்கள்.

கருவூலத்துக்காரன்

அக்கா, நல்ல ஒப்பீடு. தெலங்கானாவையும் ஆந்திராவையும் பக்கத்தில் வையுங்கள். 2020 மார்ச் 30-இல் தெலங்கானா முதல்வர், எம்.எல்.ஏ.க்களுக்கு 75 சதவீதம், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்.ஸுக்கு 60, மற்ற ஊழியருக்கு 50, நான்காம் பிரிவுக்கும் அவுட்சோர்சிங் ஆளுக்கும் 10 என்று படிப்படியாகப் பிடித்தது. மேலே இருப்பவனுக்கு அதிகம் என்ற ஒழுங்காவது அதில் இருந்தது. நம் டி.ஏ. நிறுத்தம் எல்லோருக்கும் ஒரே சதவீதம், ஓய்வூதியர் உட்பட. அலுவலக உதவியாளருக்கு 14 சதவீதம் என்பது அரிசி பருப்பு, செயலாளருக்கு அது சேமிப்பு.

ஆந்திரா இதேபோல் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பிடித்து வைத்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு. வேலை செய்ததற்கான சம்பளமும் ஓய்வூதியமும் அவர்களுக்குச் சேரவேண்டியவை, தாமதத்துக்கு 6 சதவீத வட்டியோடு கொடு என்றார்கள். ஹைகோர்ட் 12 போட்டிருந்தது, அதைக் குறைத்தார்கள். இதில் அரசுகள் கற்ற பாடம் என்ன? கையில் வந்த சம்பளத்தைத் தொட்டால் கோர்ட் வட்டி போடும், இன்னும் வராத உயர்வைத் தொட்டால் சட்டச் சிக்கல் குறைவு. இனி எந்த நெருக்கடி வந்தாலும் முதலில் நிற்கப்போவது டி.ஏ.தான்.

ஹெச்.எம். ஐயா, 240 நிரம்பியவர் விஷயம் சரிதான், அந்தப் பகுதியில் மிச்சம் உண்டு. ஆனால் ஓய்வு வயதுக் கணக்கை இப்போது வைக்கிறேன், உடைத்துக் காட்டுங்கள்.

58-இல் ஓய்வு பெறவேண்டிய ஒருவர். அடிப்படை 80,000, டி.ஏ. 17 சதவீதம், ஆக 93,600. வீட்டு வாடகைப்படியை விடுங்கள். 33 வருடச் சேவை என்றால் பணிக்கொடை பதினாறரை மடங்கு, 15.44 லட்சம். 240 நாள் விடுப்புச் சம்பளம் எட்டு மாதம், 7.49 லட்சம். கம்யூட்டேஷனைச் சேர்க்கவில்லை, அதை ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆக அன்றைக்குக் கொடுக்காமல் தப்பித்தது சுமார் 23 லட்சம்.

அவர் போயிருந்தால் மாதச் செலவு என்ன? ஓய்வூதியம் 46,800. இடத்தில் புதிதாக ஒரு இளநிலை உதவியாளரை எடுத்தால் 19,500 அடிப்படை, டி.ஏ.யோடு 22,815. இரண்டும் சேர்த்து 69,615. அவரே தொடர்ந்ததால் 93,600. மாதம் 24,000 கூடுதல், வருடம் 2.88 லட்சம்.

23 லட்சத்தை ஒரு வருடம் தள்ளிப்போட 2.88 லட்சம். சதவீதம் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டரை வருகிறது. அந்த வருடம் மாநில அரசுகள் சந்தையில் பத்திரம் போட்டுக் கடன் வாங்கியது ஆறிலிருந்து ஏழு சதவீதத்துக்கு. காலி இடத்தை நிரப்பாமலே விட்டிருந்தால் இன்னும் மோசம், வருடத்துக்கு 5.6 லட்சம் தண்டம். இதைத்தான் தள்ளிப்போடல் என்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கி இருக்க, கந்துவட்டிக்காரனிடம் போவது மாதிரி.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

கணக்கு பிடித்திருக்கிறது. ஆனால் வங்கி திறந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். 2020 மே முதல் வாரத்தில் மாநிலத்துக்குக் கடன் வரம்பு உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். மே 17-இல்தான் மத்திய அரசு 5 வரை போகலாம் என்றது, அந்தக் கூடுதலிலும் முக்கால் பங்குக்கு நிபந்தனை. ஓய்வு வயது ஆணை அதற்குப் பத்து நாள் முன்னால் வந்தது. டாஸ்மாக் மூடல், பத்திரப்பதிவு பெயரளவில், ஜி.எஸ்.டி. வரவில்லை. மே 31-இல் ஓய்வு பெற இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பணம் எடுத்து வைக்கவேண்டும். நிதிச் செயலாளராக நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

59 வரை ஒப்புக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியதற்குத்தான் காரணம் கிடையாது. அது தேர்தல் தேதி அறிவிப்புக்கு முந்தின நாள் வந்த அறிவிப்பு. நாளைக்குத் தேர்தல் தேதியை அறிவிப்பார்கள் என்றால் இன்றைக்கு ஆணை.

திருப்பூர் ஓவர்லாக்

இதைக் கேளுங்கள், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அப்போது ஊழியருக்கு இரண்டு வருட முழுச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு இழப்பைச் சொல்லுங்கள்!

குரூப்4 வெயிட்டிங்

கழித்தால் மிச்சம் என் தலையில் வரும் அண்ணா. அவர் இரண்டு வருடம் கூடுதலாக இருந்த நாற்காலிதான் எனக்கு வரவேண்டியது.

வவுனியா வாசகன்

தமிழ்நாட்டு உறவுகளுக்கு வணக்கம். ஓய்வு வயது பற்றிய கணக்கைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட நாட்டில் இதுக்கு நேர் எதிராகச் செய்தவை.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அரச துறையில் பதினான்கு, பதினைந்து இலட்சம் பேர். எவரையும் வீட்டுக்கு அனுப்பும் தைரியம் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. ஆகவே முதலில் ஜூனில் வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வரவேண்டாம், வீட்டுத் தோட்டம் செய்யுங்கோ என்றார்கள். பெற்றோல் இல்லாத காலம், வந்தாலும் வேலை நடக்காது. அதே மாதத்தில் ஒரு சுற்றறிக்கை: விரும்பினவர்கள் ஐந்து வருடம் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்புப் பாதிக்காது. போனது யார்? வெளியில் விலை போகக்கூடியவர்கள். தாதியர், பொறியியலாளர், கணினி தெரிந்தவர். இருந்தவர்கள் மற்றவர்கள். வைத்தியர்கள் சுற்றறிக்கைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

பிறகு ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்து, 2022 டிசம்பர் 31 அன்று அறுபது தாண்டிய எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில். அடுத்த கிழமை கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போனால் கோப்பு எங்கே என்று தெரிந்த ஆள் இல்லை. விசேட வைத்திய நிபுணர்களுக்கு மட்டும் பிறகு விதிவிலக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பணிக்கொடை பெறப் பலர் மாதக்கணக்கில் அலைந்தார்கள், ஏனென்றால் ஒரே நாளில் அவ்வளவு பேருக்குக் கொடுக்கத் திறைசேரியில் காசு இல்லை. ஹெச்.எம். ஐயா பயந்தது எங்களுக்கு நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை, 2020-இல்தான் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளை அரச சேவைக்கு எடுத்திருந்தார்கள். பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கக் கதிரை போதாமல் முறை வைத்து இருந்தவை. வேலைக்கு ஆள் எடுப்பது அங்கே நலத்திட்டம் மாதிரி. அப்படி எடுத்துவிட்டு, பிறகு மேலதிக நேரக் கொடுப்பனவைப் பிடித்து நிறுத்தினால் மிச்சம் எங்கிருந்து வரும்?

விலைவாசி 70 வீதம் ஏறின காலத்தில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 ரூபாவில்தான் நின்றது. உங்கள் டி.ஏ. மாதிரி விலையோடு தானாக ஏறும் முறை எங்களுக்கு இல்லை. பணவீக்கமே எங்கட சம்பளத்தை வெட்டிவிட்டது, அரசாங்கம் கையெழுத்துக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை.

மூணாறு டீச்சர்

கடைசி வரி எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டியது. டி.ஏ.யை நிறுத்துவது என்றால் அதுதானே.

பகுதிநேரம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். 2012-இல் எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருத்தி நான். ஓவியம். 5,000 ரூபாயில் ஆரம்பித்து 2025-இல் 12,500. அதுவரை மே மாதம் சம்பளம் கிடையாது, ஏனென்றால் பள்ளி கிடையாது. டி.ஏ. கிடையாது, ஆகவே நிறுத்தவும் இல்லை. சரண்டர் கிடையாது. நிதி நெருக்கடி எங்களுக்கு 2012-லேயே அமல்.

ஹெச்.எம். ஐயாவுக்குத் தெரிந்திருக்கும், 2003-க்குப் பிறகு இதே மாதிரி தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். அவர்களை 2006 ஜூன் 1 முதல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். எங்களுக்கு ஒவ்வொரு தேர்தல் அறிக்கையிலும் ஒரு வரி இருக்கிறது.

கருவூலத்துக்காரன்

சகோதரி, இந்த இழையை நான் ஆரம்பித்தபோது எழுத நினைத்த கடைசிப் பாயிண்ட்டை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பில் பாஸ் பண்ணும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். நிரந்தர ஊழியர் சம்பளம் "சம்பளங்கள்" என்ற தலைப்பில் போகிறது. ஏஜென்சி மூலம் வரும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி எல்லாம் ஒப்பந்தச் செலவில் போகிறது. சம்பளத் தலைப்பு குறைந்தால் ஊழியர் செலவு குறைந்தது என்று பட்ஜெட் உரையில் படிக்கலாம். ஆள் அதே நாற்காலியில் மூன்றில் ஒரு பங்கு பணத்துக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார், நடுவில் ஏஜென்சிக்கும் ஒரு பங்கு.

2018-இல் பணியிடங்களைக் குறைக்க ஆதிசேஷய்யா குழு போட்டார்கள், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ எதிர்த்தது, 2019 ஜனவரியில் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. 2022-இல் 115-ஆம் எண் ஆணையில் இன்னொரு குழு, அதன் ஆய்வு வரம்பை ஒரு மாதத்தில் வாபஸ் வாங்கினார்கள். வெளிப்படையாகப் பேசி எந்தத் துறையில் யார் தேவையில்லை என்று முடிவெடுக்கும் வழி இரண்டு தடவையும் அடைபட்டது. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடுவதற்குக் குழுவும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். எங்கே ஆள் ஓய்வு பெறுகிறாரோ அங்கே வெட்டு. அது தேவையான இடமா இல்லையா என்பதை அவருடைய பிறந்த தேதி முடிவு செய்கிறது.

திருப்பூர் ஓவர்லாக்

சரி சார், எல்லாம் தப்பு. 2021 வெள்ளை அறிக்கையில் நிதியமைச்சர், மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்றார். அதில் என் குடும்பமும் சேர்த்திதானே? நீங்கள் நிதிச் செயலாளர் என்றால் எதை வெட்டுவீர்கள்? நழுவாமல் சொல்லுங்கள்.

கருவூலத்துக்காரன்

நழுவவில்லை. அதே வெள்ளை அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய், உற்பத்தி மதிப்பில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, ஐந்தரையை ஒட்டி இறங்கிவிட்டது என்று. ஊழியர் சம்பளம் ஏறியதால் மட்டும் வந்த பள்ளமில்லை அது. வசூல் பக்கம் ஓட்டை இருக்கும்போது நான் டி.ஏ.யில் ஆரம்பிக்க மாட்டேன்.

ஆனாலும் வெட்டு என்று கேட்டால்: அ, ஆ பிரிவு அதிகாரிகளுக்கு மட்டும் டி.ஏ. உயர்வை நிறுத்துவேன், ஓய்வூதியரில் கீழ்த்தட்டைத் தொடமாட்டேன். சரண்டரை நிறுத்தமாட்டேன், ஏனென்றால் அது வட்டியோடு திரும்பும். 240 நிரம்பியவருக்கு வேண்டுமானால் தவணையில் கொடுப்பேன். ஓய்வு வயதைத் தொடமாட்டேன். பணிக்கொடையில் பாதியை உடனேயும் பாதியை இரண்டு வருடப் பத்திரமாகவும், 7 சதவீத வட்டியோடு கொடுப்பேன். பன்னிரண்டரை கொடுப்பதற்கு ஏழு கொடுப்பது நல்லது.

அப்புறம் வண்டி. மாவட்ட அளவில் ஒரே வளாகத்தில் இருக்கும் ஐந்து ஆபீஸுக்கு ஐந்து ஜீப், ஐந்து டிரைவர் இடம். அதில் மூன்று காலி என்பதால் ஒப்பந்த டிரைவர், கூடவே வாடகைக் கார் பில்லும் என் மேஜைக்கு வருகிறது. அதை ஒரே பூலாக மாற்ற எந்தச் சங்கமும் எதிர்க்காது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

பணிக்கொடையைப் பத்திரமாகக் கொடுப்பதா! பெண்ணுக்குக் கல்யாணத்தை பத்திரத்தைக் காட்டியா நடத்துவான்? டிரைவர் சங்கம் எதிர்க்காது என்பதும் உங்கள் கற்பனை. மற்றதெல்லாம் ஏற்கலாம், இந்தப் பத்திர யோசனையை மட்டும் தயவுசெய்து வெளியில் சொல்லாதீர்கள், தலைமைச் செயலகத்தில் யாராவது படித்துவைப்பார்கள்.

பகுதிநேரம்

ஜீப் பூலில் மிஞ்சும் பணத்தில் எங்கள் மே மாதச் சம்பளம் தேறுமா சார்? 12,500 பெருக்கல் 16,549 போட்டால் 21 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பலர் விலகிப்போய்விட்டார்கள், ஆகவே அதைவிடவும் கம்மிதான்.